வாழைமர நோட்டும் ஒரு வேற்றுமை உருபும்

அவிநாசிபாளையத்தில் அந்த வீட்டுக்கு நான் போனது வேறு வேலையாக. திண்ணையில் பனியன் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அறுபது வயது அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: “எங்கப்பாரு ரங்கூனுக்குப் போனவருங்க. அங்கயே ரயில்ல செத்துப்போனாருங்க.” கொங்கு நாட்டில் அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா.

ரங்கூன் என்ற சொல்லை நம்பித்தான் தேடத் தொடங்கினேன். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். காட்டு வழியில் நடந்து வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்பாருவின் சாவையும் அந்த ஓட்டத்துக்குள் பொருத்திப் பார்த்தேன். எளிதாகப் பொருந்தியதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த முறை போனபோது அந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே ஒரு நோட்டு. ஒரு பக்கம் குலையோடு வாழைமரம்; மதிப்பு பத்து டாலர்; எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘எம்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள். ஜப்பானியர் தாம் பிடித்த நாடுகளுக்கென்று தனித்தனியே பணம் அச்சிட்டார்கள். பர்மாவுக்கானது ரூபாய், அதில் ‘பி’ எழுத்து இருக்கும். ‘எம்’ என்றால் மலாயா. அங்குள்ள தமிழர் இதை வாழைமர நோட்டு என்பார்கள். 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் செல்லாக் காசானது.

ஆனால் நோட்டு கை மாறக்கூடியது. அதை மட்டும் வைத்து ஒரு மனிதரை மலாயாவுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நோட்டைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். ஆத்தா, அதாவது அப்பாருவின் மனைவி. சண்டை முடிந்த பிறகு, அங்கேயே பிறந்த ஏழு வயது மகனைக் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கினாராம். கப்பலின் பெயர் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது: ரஜூலா. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்துக்காக 1926இல் கட்டிய கப்பல் அது. ரங்கூன் அதன் வழியில் இல்லை. அந்த இடத்தில்தான் ரங்கூனை அடித்துவிட்டு மலாயா என்று எழுதினேன். போன காலத்துக்கும் ஒரு எல்லை கிடைத்தது. தோட்டக் கூலிகளைக் கப்பல் செலவு கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938 ஜூனில் தடை செய்தது. கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி, சேர்த்த ஆளாக இருந்தால் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

மிஞ்சியது ரயில். அது விபத்தா என்று கேட்டபோது அந்த அம்மா யோசித்தார். “ஆத்தா பொலம்புவாங்க. ‘சாமிக்குப் போனவங்க திரும்பலியே’ம்பாங்க. அதானுங்க தெரியும்.”

பேருந்தில் திரும்பும்போது அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே வந்தது. இறந்தவரைச் ‘சாமிகிட்டப் போயிட்டார்’ என்போம். ‘சாமிக்குப் போனார்’ என்பதில்லை. போகிற வினைக்கு முன்னால் அந்த ‘கு’ உருபு ஊர், வீடு, வேலை போன்ற பெயர்களோடு இயல்பாக வரும்; ஆளைக் குறிக்கும் பெயரோடு வராது. தெய்வத்திடம் போனவர் திரும்பவில்லையே என்று யாரும் அங்கலாய்ப்பதும் கிடையாது. ஆத்தா சொன்னது ‘சயாமுக்கு’ என்றால்?

சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்தார்கள். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை, மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் என்று ஆசை காட்டி ஏற்றினார்கள். பிறகு வலுக்கட்டாயமாகவே பிடித்துப் போனார்கள். மழைக்காலத்தில் காலரா முகாம்களைத் துடைத்தெடுத்தது. ரயிலில் சாகவில்லை அவர், ரயிலுக்காகச் செத்திருக்கிறார். பர்மா ரயில் என்றும் அதைச் சொல்வார்கள். வீட்டுப் பேச்சில் ரங்கூன் நுழைந்தது அந்த வழியாக இருக்கலாம்.

தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில், பாதை வேலையில் மாண்ட ஏறத்தாழ 7,000 போர்க்கைதி வீரர்கள் இருக்கிறார்கள்; பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த தனிக் கல் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர் 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களுக்குப் பொதுக்குழிகளே மிஞ்சின. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர்களுக்காவது பெயர், தந்தை பெயர், கிராமம், உடல் அடையாளம் எழுதிய கப்பல் பட்டியல் இருக்கிறது. இந்த அப்பாருவுக்கு இருப்பது அவர் மனைவியின் ஒரு வாக்கியம். அதில் மூன்றெழுத்தை நான் திருத்தியிருக்கிறேன் என்பதை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப எந்த மாசமுங்க?”

காலரா மும்முரமாக இருந்தது 1943 ஜூன், ஜூலையில். அதுதான் காரணம் என்றால் ஆனியோ ஆடியோ, அதற்கு மேல் நெருங்க முடியவில்லை என்றேன்.

“அப்ப ஆடி அமாவாசைக்குக் கொடுமுடிக்குப் போயிடறமுங்க” என்றார்.