அடங்கல் ஏறும் படிகள்

கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண் கணக்கு அடங்கல். ஒவ்வொரு வரியிலும் ஒரு புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், இந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர், தண்ணீர் கிணற்றிலிருந்தா வாய்க்காலிலிருந்தா என்ற விவரம், கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். ஆனைமலைப் பக்கத்து அடங்கலில் பக்கம் பக்கமாகத் தென்னை வரும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும், மேட்டுப்பாளையம் பக்கம் வாழையும் வரும். சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்டாலும் பயிர் காப்பீட்டுக்குப் பதிந்தாலும் விவசாயியிடம் கேட்கும் காகிதம் இதுதான். அரசுப் பணியில் பதவிகள் எப்படி வரிசைப்படுத்தப்படுகின்றன, அந்த வரிசை எதற்காக என்று தெரிந்துகொள்ள இந்த நோட்டைப் பின்தொடர்ந்து போனால் போதும். கிராமத்திலிருந்து கலெக்டர் வரை எல்லாப் படிகளையும் அது தொட்டுவிட்டு வருகிறது.

அடங்கலின் இந்த ஒற்றை வரியின் பூர்வீகம் கொங்கு மண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறிய சேலம், பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையை உருவாக்கினார்கள். இடையில் ஜமீன்தார் இல்லை. ஒவ்வொரு குடியானவரும் தன் நிலத்துக்கு நேராக சர்க்காருக்குத் தீர்வை கட்டவேண்டும். 1799-இல் கோயம்புத்தூரும் கம்பெனி வசம் வந்தது. ஒவ்வொரு காட்டுக்கும் (எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் காடு என்போம்) தனி வரி என்று ஆனபின், அந்தக் காட்டை நேரில் பார்த்து எழுத ஊருக்குள்ளேயே ஆள் தேவைப்பட்டது. எழுதும் வேலை கணக்கப்பிள்ளை என்ற கர்ணத்துக்கும், வசூல் மணியகாரருக்கும் போனது.

இரண்டும் பரம்பரைப் பதவிகள். 1895-ஆம் ஆண்டின் மதராஸ் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதை எழுத்தில் உறுதிசெய்தது. தகப்பனுக்குப் பின் வாரிசு; கணக்கு நோட்டும் அந்த வீட்டோடு தங்கியது. ஊரின் ஒவ்வொரு அங்குல நிலத்தின் விவரமும் சில குடும்பங்களின் கையில் இருந்தது என்றால், ஊர் அதிகாரமும் அங்கேதான் இருந்தது என்று பொருள். உழுதவர் பெயர் வரியில் ஏறுமா ஏறாதா என்பது அந்த வீட்டுத் திண்ணையில் முடிவான காலம் அது.

அரசமைப்புச் சட்டம் வந்தபின் இந்தப் பதவி மூன்று முறை உலுக்கப்பட்டது. பிறப்பின் வழியாகவோ வம்சத்தின் வழியாகவோ அரசுப் பணியில் பாகுபாடு கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. ஆந்திரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுந்த காஜுல தசரத ராமராவ் வழக்கில், கிராமப் பதவியும் அரசுப் பதவியே, அதை வாரிசு பார்த்துக் கொடுக்க முடியாது என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-இல் தமிழ்நாடு பரம்பரைச் சட்டத்தையே நீக்கியது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகளை அவசரச் சட்டத்தின் மூலம் அடியோடு ஒழித்து, முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) பதவியைக் கொண்டுவந்தது. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1982-இல் கே. ராஜேந்திரன் வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது.

அன்றிலிருந்து அடங்கல் எழுதும் கை தேர்வு எழுதி வரும் கை. இன்று அது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. பத்தாம் வகுப்புத் தகுதி போதும். 69 சதவீத இடஒதுக்கீடும், 1989-இல் வந்த பெண்களுக்கான ஒதுக்கீடும் இந்தப் பதவிக்கும் உண்டு. ஒரு காலத்தில் திண்ணைக்குக் கீழே நின்று பேசியவரின் பேத்தி இன்று அதே ஊர்க் கணக்கில் கையெழுத்துப் போட முடிகிறது. எங்கள் பக்கத்தில் கிராமத்துப் பெரியவர்கள் வி.ஏ.ஓ.வை இன்னும் மணியகாரர் என்றே சொல்கிறார்கள். அழைப்பு பழையதானாலும் பதவிக்கு வரும் வழி முற்றிலும் வேறு.

இனி நோட்டு மேலே ஏறட்டும். கிராம உதவியாளரும் வி.ஏ.ஓ.வும் கிராமத்தில், அதற்கு மேல் சில கிராமங்கள் சேர்ந்த பிர்காவுக்கு ஒரு வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாலுகாவுக்குத் தாசில்தார், கோட்டத்துக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.), மாவட்டத்துக்கு மாவட்ட வருவாய் அலுவலரும் (டி.ஆர்.ஓ.) கலெக்டரும். இந்தப் படிகளைப் பிரித்துக்காட்ட அரசு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களை வைத்திருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் குழம்புவதும் இங்கேதான்.

முதலாவது தேர்வு வழி. குரூப் 1, 2, 4 என்பவை எந்தத் தேர்வில் தேறி உள்ளே வந்தீர்கள் என்பதை மட்டுமே சொல்கின்றன. இந்தியாவின் மாகாணங்களிலேயே முதல் தேர்வாணையம் 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் அமைந்தது; இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் வாரிசு. இரண்டாவது ஏ, பி, சி, டி என்ற பிரிவு. அது சம்பள நிலையை ஒட்டியது. குரூப் 1 வேறு, குரூப் ஏ வேறு. மூன்றாவது எந்தப் பணித்தொகுதி என்பது. வி.ஏ.ஓ. அமைச்சுப் பணியைச் சேர்ந்தவர். தாலுகாவுக்கே தலைவரான தாசில்தார் வருவாய் சார்நிலைப் பணி. துணை கலெக்டர்தான் மாநிலப் பணி. கலெக்டர் அகில இந்தியப் பணி. மேல்பணி, மாகாணப் பணி, சார்நிலைப் பணி என்ற இந்த அடுக்கின் வேர் 1886-இல் அமைந்த ஐட்சிசன் கமிஷனில் இருக்கிறது.

ஒரே நாற்காலியிலும் இந்த வித்தியாசம் தெரியும். கோவை மாவட்டத்தில் கோவை வடக்கு, கோவை தெற்கு, பொள்ளாச்சி என்று மூன்று கோட்டங்கள். பொள்ளாச்சிக் கோட்டத்தில் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உட்காரும்போது அவர் சப் கலெக்டர். கோவைக் கோட்டங்களில் மாநிலப் பணி அதிகாரி உட்காரும்போது ஆர்.டி.ஓ. வேலை ஒன்று, அதிகாரம் ஒன்று. குரூப் 1 தேறிய துணை கலெக்டருக்கும் புதிய ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் அதே 56,100 ரூபாய்தான். வந்த வழியும், அடுத்துப் போகும் உயரமும், போய்ச் சேரும் வேகமும்தான் வேறு. வி.ஏ.ஓ.வின் தொடக்கச் சம்பளம் 19,500.

சம்பளத்தைவிட ஆழமான அளவுகோல் ஒன்று உண்டு: யார் நியமித்தார்கள் என்பது. கிராம உதவியாளரை நியமிப்பவர் தாசில்தார், வி.ஏ.ஓ.வை ஆர்.டி.ஓ.; துணை கலெக்டரை மாநில அரசு; ஐ.ஏ.எஸ். அதிகாரியைக் குடியரசுத் தலைவர் பெயரில் மத்திய அரசு. நியமித்தவருக்குக் கீழே உள்ள எவரும் ஒருவரைப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்கிறது அரசமைப்பின் 311-ஆம் பிரிவு. ஊர்ப் பெரிய மனிதர் எவ்வளவு மிரட்டினாலும் ஒரு வி.ஏ.ஓ. உள்ளதை உள்ளபடி எழுத முடிவது இந்தப் பாதுகாப்பால்தான். புறம்போக்கை வளைத்தவருக்கு பி மெமோ எழுதுவதற்குத் துணிவு மட்டும் போதாது. பின்னால் ஒரு சட்டம் நிற்கவேண்டும். பதவிகளின் வரிசை யார் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதற்கான வரிசை. அதைக் கும்பிடுவதற்கான வரிசையாக நாம் எடுத்துக்கொண்டதால்தான் அரசு அலுவலகப் படி ஏறும்போதே நம் குரல் தாழ்கிறது.

ஜூன் 30-இல் பசலி முடியும். அதற்கு முன், மே, ஜூன் மாதங்களில் ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கணக்குத் தணிக்கை. கோவை மாவட்டத்தின் 11 தாலுகாக்களையும் கலெக்டர், டி.ஆர்.ஓ., கோட்ட அதிகாரிகள் முதலானோர் பிரித்துக்கொள்கிறார்கள். பிர்கா வாரியாக வி.ஏ.ஓ.க்கள் தங்கள் நோட்டுகளைச் சுமந்து தாலுகா ஆபீசுக்கு வருகிறார்கள். நிலம் அளக்கும் சங்கிலியின் நீளம்கூட அங்கே சரிபார்க்கப்படும். ஒரு வருடத்தின் வரிகள் மேலதிகாரியின் கையெழுத்தைப் பெறும். கடைசி நாளில் குடிகள் மாநாடு. அந்தக் கூடத்தில் மிக உயர்ந்த பதவிக்காரர் சரிபார்ப்பது மிகக் கீழ்ப்படியில் இருப்பவர் எழுதியதைத்தான். அவர் காட்டுக்குப் போகாமல் எழுதியிருந்தால், மேலே போடும் அத்தனை கையெழுத்தும் ஒரு பொய்க்குத் துணைபோகும்.

இப்போது அடங்கல் கணினிக்குள்ளும் வந்துவிட்டது. 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு, வி.ஏ.ஓ. சங்கங்களின் எதிர்ப்புக்கு நடுவே, வேளாண் கல்லூரி மாணவர்கள் வயலில் இறக்கப்பட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பயிர் தெரியும். ஆனால் நாளை அந்த வரி தவறென்றால் பதில் சொல்ல அவர்களுக்குப் பதவி இல்லை. பாதுகாக்க 311 இல்லை. பல கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் வி.ஏ.ஓ.வால் ஒவ்வொரு காட்டையும் மிதித்துப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. அதற்கு வழி, காலிப் பணியிடங்களை நிரப்பி அந்தப் பதவிக்கு நேரமும் ஆளும் கொடுப்பதுதான். பொறுப்பைப் பதவி இல்லாதவர் தலையில் இறக்குவது வழியாகாது.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஜமாபந்திக்குப் போங்கள். உங்கள் புல எண்ணின் அடங்கல் வரியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பயிர், பாசனம், பெயர் எதில் பிழை இருந்தாலும் மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அத்தனை படிகளும் அமைக்கப்பட்டது அந்த ஒரு வரி சரியாக இருப்பதற்காக. அதைக் கேட்கும் உரிமை எந்தத் தேர்வும் எழுதாத குடிமக்களுக்கும் உண்டு.