பிரௌனிங் பட்டறையும் எஃகுக் கைத்துப்பாக்கிகளும்

வழிவழியாக ஒரு தொழிலைச் செய்துவரும் குடும்பத்தில் தந்தையின் பட்டறையே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பதை நம்மவர் நன்கறிவர். அங்ஙனம் வளர்ந்த ஒருவருடைய கைவேலை உலக சரித்திரத்தின் போக்கையே பன்முறை திருப்பியது. அவரைப் பற்றியும், அவர் வகுத்த எஃகுக் கைத்துப்பாக்கிகளை இன்றும் சேகரித்துப் பேணிச் சுட்டுப் பழகுவோரைப் பற்றியும் இம்மாதம் எழுதத் துணிந்தோம். இல்லந்தோறும் படிக்கப்பெறும் நம் பத்திரிகையில் ஆயுதத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கைத்திறனின் பெருமை எத்துணையோ, அத்திறனாற் பிறந்த பொருளைக் கையாள்வார்க்குரிய பொறுப்பும் அத்துணையே. இதனைத் தெளிவாகக் காட்டும் சரித்திரம் இஃதாதலின் எழுதுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா மாகாணத்தில் ஆக்டன் என்றோர் ஊர் உளது. 1852-ம் ஆண்டில் யூட்டாவிற் குடியேறிய ஜோனதன் பிரௌனிங் என்பார் அவ்வூரில் துப்பாக்கிப் பட்டறை நடத்திவந்தார். அவருடைய மைந்தரே ஜான் மோசஸ் பிரௌனிங். 1855-ம் ஆண்டிற் பிறந்த இவர், பத்து வயதளவிலேயே பட்டறையில் ஒதுக்கிப் போட்ட துண்டுகளைக்கொண்டு தாமே ஒரு துப்பாக்கியை அமைத்தார் என்பர். தந்தையார் மறைந்த 1879-ம் ஆண்டிலேயே இவர் தம் முதற் காப்புரிமையைப் பெற்றார். சகோதரர்கள் ஒன்றுகூடிப் பட்டறையை நடத்தினர். 1883-ம் ஆண்டில் வின்செஸ்டர் என்னும் பெரிய கம்பெனியார் இவருடைய துப்பாக்கியின் உரிமையை விலைக்கு வாங்கினர். கல்லூரியிற் பொறியியல் பயிலாத இவர் தம் வாழ்நாளிற் பெற்ற காப்புரிமைகள் 128.

இவருடைய பேரறிவு ஒரு சிறு காட்சியிற் பிறந்ததாகக் கூறுவர். 1889-ம் ஆண்டில் துப்பாக்கி சுடுகையில், குழல்வாயினின்று வீசிய காற்றினால் எதிரேயிருந்த புற்கள் சாய்வதைக் கண்டாராம். பலரும் கண்டு வாளாவிருந்த காட்சியே அது. இவரோ, வீணே போகும் அவ்விசையை வேலைக்குப் பூட்டலாகாதோ என்று எண்ணினார். குண்டு முன்னோக்கிப் பாயுங்கால் துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதும் அத்தகையதொரு விசையே. அவ்வுதையே வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, சுத்தியலை மீட்டி, புதுத் தோட்டாவைக் குழலில் ஏற்றுமாயின், சுடுவோன் ஒவ்வொரு முறையும் விசைவில்லை அழுத்துவதன்றி வேறொன்றும் செய்யவேண்டுவதில்லை. தானே மறுதோட்டா ஏற்றும் கைத்துப்பாக்கியின் தத்துவம் இதுவே.

இத்தத்துவத்தை முதலிற் கண்டவர் பிரௌனிங் அல்லர். ஜெர்மனியிலே போர்ச்சார்ட்டின் கைத்துப்பாக்கி 1893-ம் ஆண்டிலும், மௌசர் தொழிற்சாலையின் கைத்துப்பாக்கி 1896-ம் ஆண்டிலும் தோன்றின. போர்ச்சார்ட்டின் பொறியைத் திருத்தி லூகர் அமைத்ததை ஜெர்மன் சேனை 1908-ம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன் பூட்டு, முழங்கால் மடங்குவதுபோல் மேலெழுந்து மடங்கும் அழகிய பொறியாகும். பிரௌனிங் கண்ட வழி இவையனைத்தினும் எளியது. குழலையும் பூட்டையும் மேலே மூடி, முன்னும் பின்னும் வழுகி ஓடும் ஓர் எஃகு உறையை அவர் அமைத்தார். 'ஸ்லைடு' என இன்று யாவரும் வழங்குவது அதுவே. 1897-ம் ஆண்டில் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில் உள்ள எப்.என். தொழிற்சாலையும், அமெரிக்காவின் கோல்ட் கம்பெனியும் அவற்றைச் செய்து பரப்பின. இன்று உலகிற் செய்யப்பெறும் இவ்வகைக் கைத்துப்பாக்கிகளிற் பெரும்பாலன அவ்வழியையே பின்பற்றுகின்றன.

அவர் புகழை நிலைநாட்டியது 1911-ம் ஆண்டின் சோதனை. பிலிப்பைன் தீவுகளில் நடந்த சண்டைகளில் தம் சுழல்துப்பாக்கிகள் வலிமை குன்றியிருந்தமை கண்ட அமெரிக்கச் சேனையார், .45 அங்குல வாயுடைய புதியதொன்றை நாடினர். இறுதியாக இரண்டு துப்பாக்கிகள் போட்டியில் நின்றன. ஒவ்வொன்றாலும் 6000 குண்டுகள் சுடப்பட்டன. 100 குண்டுக்கொருமுறை ஆறவிட்டும், 1000 குண்டுக்கொருமுறை துடைத்து எண்ணெயிட்டும் சோதனை நடந்தது. எதிரியின் துப்பாக்கி 37 முறை பழுதுற, பிரௌனிங் வகுத்த கோல்ட் துப்பாக்கி ஒருமுறையேனும் பழுதுறவில்லை. அவ்வாண்டு மார்ச்சு 29-ம் தேதி சேனையார் அதனை ஏற்றனர். 1985-ம் ஆண்டிற் பெரெட்டா துப்பாக்கி அதனிடத்திற்குத் தெரிவுசெய்யப்படும் வரை, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு அதுவே அச்சேனையின் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று.

பிரௌனிங் வேலையிடையிலேயே உயிர் நீத்தார். 1926-ம் ஆண்டு நவம்பர் 26-ம் தேதி ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் மாரடைப்பால் அவர் மறைந்தபோது, மற்றுமொரு கைத்துப்பாக்கி முற்றுப்பெறாமலிருந்தது. அதன் காப்புரிமை அவர் மறைவிற்குப் பின்னர் 1927-ம் ஆண்டில் வழங்கப்பட்டது. தியூதோனே சைவ் என்னும் பெல்ஜியத்து நிபுணர் அவ்வேலையை மேற்கொண்டு, 13 தோட்டாக்களை ஏற்கும் கூட்டுடன் 1935-ம் ஆண்டில் முடித்தார். 'ஹை பவர்' எனப் பெயர்பெற்றது அதுவே. நம் நாட்டுச் சேனைக்காக வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலை செய்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும் இதன் வழித்தோன்றலே.

இனி இவற்றைச் சேகரிப்போரின் வழக்கங்களைப் பார்ப்போம். 1982-ம் ஆண்டில் ஆஸ்திரியச் சேனை கிளாக் கைத்துப்பாக்கியை ஏற்றபின், பிளாஸ்டிக் இனப் பொருளாலாகிய உடற்சட்டம் உலகெங்கும் பரவியது. அது இலேசானது, துருப்பிடியாதது, விலையும் குறைந்தது. முழு எஃகுக்கட்டியைக் கடைந்து, அராவி, உறுப்போடு உறுப்பைப் பொருத்தி முடிக்கும் பழைய முறை அதனால் அருகிற்று. அவ்வேலைப்பாட்டைப் போற்றுவோரே பழையவற்றைத் தேடுகின்றனர். லூகர் துப்பாக்கியின் சிற்றுறுப்புக்களிலும் தொடரெண்ணின் கடை இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லா இலக்கங்களும் ஒத்திருப்பின் அதன் மதிப்பு உயரும்; ஓர் உறுப்பு மாறியிருப்பினும் தாழும். எஃகின்மேல் ஏற்றிய பழைய நீலநிறம் தேய்ந்திருந்தாலும் அதனை அவ்வாறே விடுவர். மெருகிட்டுப் புதுநிறம் ஏற்றினவன், முதற் கம்மியனின் கைச்சுவட்டையே அழித்தவனாவான்.

சுடுவதிலும் விதிகள் பல. நூறாண்டு கண்ட சுருள்வில் தளர்ந்திருக்கும். அதனை மாற்றாமற் சுட்டால் ஸ்லைடு வேகமாய்ப் பின்னோடிச் சட்டத்தைத் தாக்கும். 1911-ம் ஆண்டின் கோல்ட் துப்பாக்கிகளில் முற்பட்டவற்றின் எஃகு, பிற்காலத்தனவற்றைப்போலக் காய்ச்சிப் பதப்படுத்தப்பட்டதன்று. ஆதலின் விவரமறிந்தார் அவற்றைக் கண்ணாற் காண்பதோடமைவர். தோட்டாவிலும் ஏமாற்றம் உண்டு. 1929-ம் ஆண்டில் வந்த .38 சூப்பர் என்னும் தோட்டா, பழைய .38 கோல்ட் தோட்டாவை அளவில் முற்றும் ஒத்தது, அழுத்தத்திலோ மிக்கது. அறியாதார் அதனைப் பழைய துப்பாக்கியில் இட்டால், துப்பாக்கி சிதைந்து சுடுவோனுக்கே ஊறு நேரும். பொருளின் வரலாறு அறியாதவன் அதனைத் தொடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வரலாறு என்பது எஃகின் வரலாறு மட்டுமன்று. அதனால் வீழ்ந்தோரின் வரலாறும் அதனுள் அடங்கும். மேற்கூறிய சோதனை நடந்த அதே 1911-ம் ஆண்டு ஜூன் 17-ம் தேதி, நம் மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தாமும் உயிர்விட்ட கைத்துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங்கே. 1914-ம் ஆண்டு ஜூன் 28-ம் தேதி சாராயெவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியாரையும் கொன்று, முதல் உலகப் போருக்கு வித்திட்டதும் ஹெர்ஸ்டாலிற் பிறந்த பிரௌனிங்கே. வீயன்னாவின் போர்ச்சரித்திரக் காட்சிசாலையில் அஃது இன்று வைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப் போரிலே பெல்ஜியம் ஜெர்மானியர் வசமானபோது, ஹை பவர் துப்பாக்கி ஹெர்ஸ்டாலில் ஜெர்மன் சேனைக்காகவும், கனடாவின் டொரண்டோ நகரில் நேசநாடுகளுக்காகவும் ஒரேகாலத்திற் செய்யப்பட்டது. ஒருவர் வகுத்த பொறி இருபக்கத்தார்க்கும் உயிர்வாங்கும் கருவியாயிற்று. 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ம் தேதி மகாத்மாவின் உயிரைக் கவர்ந்ததும் எஃகுச் சட்டமுடைய ஒரு கைத்துப்பாக்கியே. அஃது இத்தாலியப் பெரெட்டா.

இவற்றினும் நெஞ்சைப் பிளப்பது ஒன்றுண்டு. 1996-ம் ஆண்டு மார்ச்சு 13-ம் தேதி ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரிலே, லைசென்சு பெற்றுக் கைத்துப்பாக்கிகள் வைத்திருந்த ஒருவன் பள்ளியிற் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்த நான்கினுள் இரண்டு பிரௌனிங். மறு ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்களால் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் தனிமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் பெரும்பாலும் தடுக்கப்பட்டது. எனினும் அச்சட்டம் பழம்பொருளை முற்றும் அழித்துவிடவில்லை. அரியவும், வனப்புடையவும், நுட்பச் சிறப்புடையவும், சரித்திரத் தொடர்புடையவும் ஆகிய கைத்துப்பாக்கிகளைக் குறித்த காவலிடங்களில் வைத்து, அங்கேயே சுட்டுப் பழக அநுமதி உண்டு. உரியவன் வீட்டுக்கு அதனைக் கொண்டுபோகலாகாது. அமெரிக்காவிலோ வழி வேறு. 2018-ம் ஆண்டு முதல் சேனையின் பழைய 1911 துப்பாக்கிகள் பொதுமக்களுக்கு வரிசைமுறையில் விற்கப்பட்டன. ஆயினும் வாங்குவோன் குற்றமற்றவன்தானா என்னும் ஆராய்ச்சி அங்கும் நடந்தது.

ஓரிடத்துச் சட்டம் கடுமை, ஓரிடத்தது எளிமை. எது தக்கதென்று தீர்ப்புக் கூற நாம் புகுந்திலோம். எச்சட்டத்தின் கீழிருப்பினும், இத்தகைய பொருளைப் பேணுவோன் உள்ளத்திற் கொள்ளவேண்டியது ஒன்றே. அவன் காப்பது அராவிய கையின் அருமையை மட்டுமன்று. டன்பிளேன் குழந்தைகளின் நினைவையும் அவன் உடன் காக்கின்றான். ஒன்றை மறந்து மற்றொன்றைப் போற்றுவானாயின், அவன் சேகரித்தது வெறும் இரும்பே.

ஆக்டன் பட்டறைச் சிறுவன் ஒதுக்கிய துண்டுகளைப் பொறுக்கி வேலை கற்றபோது, தன் வேலை எவ்வெவர் கைக்குச் செல்லுமென்று அறிந்திருக்க இயலாது. தொழில் செய்வார் எவரும் அதனை முற்ற அறிதல் அரிது. எனினும் நம் பிள்ளைகளுக்குக் கருவியைப் பிடிக்கக் கற்பிக்கும் அன்றே, அக்கருவி எதற்கு உதவும், எதற்கு உதவலாகாது என்பதையும் உடன் கற்பித்தல் நம் கடமையாகும். அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.