கணினிக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்

பன்றிப் பண்ணைகள் நிறைந்திருந்த பொங்கோல், இன்று அடுக்குமாடி வீடுகள் செறிந்த நகராகத் திகழ்கின்றது. அங்கே 2023-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வட்டார நூலகத்தில், என் உறவினர் மகள், 1887-இல் மக்தூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழைத் திரையில் விரித்துக் காட்டினாள். அதனைப் பற்றித் தமிழிலேயே கட்டுரை எழுதித் தன் ஆசிரியருக்கு அனுப்பவும் செய்தாள். மலேசியத் தோட்டப் பள்ளியொன்றின் தலைமையாசிரியனாகிய எனக்கு வியப்பு மேலிட்டது.

பழைய ஏட்டைப் படம்பிடித்துக் காட்டுதல் எளிது. கணினியில் தமிழ் எழுதி அனுப்புவதோ முன்னாளில் அத்துணை எளிதாக இருந்ததில்லை. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டமையால், ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. இவ்விடரைக் களைய உழைத்தோருள் தலையாயவர், சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றிய விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி. அவர் ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்த நான்மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது, அவர் முயற்சியின் பயனே. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார், 1999-இல் மறைந்தார்.

அவர் காலத்திற்குப் பின் பணிகள் விரிந்தன. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2018-இல் மாணவர் கற்றல் தளம் பரவிற்று. 2019-இல் பெற்றோருக்குப் பள்ளிச் செய்தி அனுப்பும் செயலி வந்தது. 2020 ஏப்ரலில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் இணையவழி இல்லம் புகுந்தன.

கருவி வந்துவிட்டால் தமிழும் தானே வந்துவிடுமோ? வாராது. இதனை என் குறையாலேயே அறிந்தேன். பல்லாண்டுகள் பெற்றோருக்கான சுற்றறிக்கைகளை மலாயில் மட்டுமே தட்டெழுதினேன். தமிழில் தட்டெழுதப் பழகாமையே காரணம். ஒருநாள் பால்மரம் சீவும் தாயொருத்தி, “சார், இதுல என்ன எழுதியிருக்கு?” என்று தாளை நீட்டினார். தமிழ்ப் பள்ளியின் அறிக்கையைத் தமிழ்த்தாய் ஒருத்தி படிக்க இயலவில்லை! குறை கணினியினிடத்து இல்லை; என்னிடத்தே இருந்தது. ஐம்பதைக் கடந்தபின் ஒரு திங்களில் விசைகளைப் பழகினேன்.

இன்று பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் யான் முதற்கண் வேண்டுவது இதுவே: வருகைக் குறிப்பாயினும் மதிப்பெண் அறிக்கையாயினும், தமிழில் எழுதக்கூடியதைத் தமிழில் எழுதுங்கள். ஓர் ஆசிரியர் உழைத்துத் திறந்த வாயிலை நாம் புழங்காது மூடிவிடலாமோ?