கெய்சர் அடிக்கடி ரிப்பேர் ஆகுதா? திருப்பூர் வீடுகளில் முதல்ல பார்க்க வேண்டியது தண்ணியைத்தான்!

காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் அவசரம். கெய்சர் சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் ஆகியும் தண்ணீர் வெதுவெதுன்னுதான் இருக்கு. இன்னொரு வீட்டில் சுவிட்சைப் போட்டதுமே வீடு முழுக்க கரண்ட் போகுது. இன்னொரு வீட்டில் கெய்சருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல" என்ற புலம்பல் மட்டும் எல்லா வீட்டிலும் ஒண்ணுதான்.

கம்பெனி மட்டம் என்று திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்க. இந்த மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் இருக்கும்.

சாயப்பட்டறைக்குத் தெரிந்தது, வீட்டுக்குத் தெரியவில்லை

திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறையிலும் போர் தண்ணீரை அப்படியே பாய்லருக்குள் விடமாட்டார்கள். சாஃப்ட்னரில் கடினத்தன்மையை எடுத்த பிறகே உள்ளே போகும். இல்லையென்றால் குழாயில் சுண்ணாம்பு படியும், எரிபொருள் செலவு ஏறும், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. கடின நீரில் சாயமும் துணியில் சீராக ஏறாது. தொழிலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பதற்காகவே பவானி ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் போடப்பட்டது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறனுடன் 2005இல் அது செயல்பாட்டுக்கு வந்தது.

அதே ஊரில், அதே போர் தண்ணீர் வீட்டு கெய்சருக்குள் மட்டும் நேராகப் போகிறது. கெய்சரும் ஒரு குட்டி பாய்லர்தானே! தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி, கரையாமல் அப்படியே படிந்துவிடும். எலிமெண்ட் மேல் வெள்ளையாக ஒட்டியிருப்பது இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வீட்டுக்கு வந்து டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டுகிறார்களே, அது கடினத்தன்மையை அளக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். வெள்ளைப் படிவுக்குக் காரணம் அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். சாயத் தொழிலில் பயன்படும் சோடியம் குளோரைடு அப்படிப் படியாது, ஆனால் டேங்கையும் எலிமெண்டையும் அரிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை. உங்கள் போர் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது என்றால், ரிசல்ட் வரும் முன்பே பாதி பதில் கிடைத்த மாதிரிதான்.

சூடாக லேட் ஆகுதா? ஒரு சின்னக் கணக்கு

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக, 2 கிலோவாட் கெய்சருக்குச் சுமார் 18 நிமிடம் போதும். இதற்கு மேல் ரொம்ப இழுத்தால் முதலில் வோல்டேஜைப் பாருங்க. 230 வோல்ட் 190ஆகக் குறைந்தால் எலிமெண்டின் பவர் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; 18 நிமிடம் 27 நிமிடம் ஆகும். அப்போது ரிப்பேர் கெய்சரில் இல்லை.

வோல்டேஜ் சரியாக இருந்தும் சீக்கிரம் கட் ஆகிறதா? தெர்மோஸ்டாட் இருக்கும் குழாய் மேல் படிவு மூடியிருக்கலாம். "ஒரு பக்கெட் வந்ததும் சூடு தீர்ந்துடுது" என்றால் டேங்க் அடியில் வண்டல் சேர்ந்து இடத்தை அடைத்திருக்கலாம். சுவிட்ச் போட்டதும் உள்ளே பொரி வறுக்கும் மாதிரி படபடவென்று சத்தம் கேட்டால், படிவுக்கு அடியில் தண்ணீர் கொதிக்கிறது. சர்வீஸுக்கு நேரம் வந்தாச்சு.

போட்டதும் ட்ரிப் ஆகுதா? இதுல விளையாடாதீங்க

படிவு மூடிய எலிமெண்டுக்குத் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க வழி இருக்காது. அது மேலும் மேலும் சூடாகி மேல்தோல் விரியும். விரிசல் வழியாக மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் உடனே இறங்கிவிடும். அது உங்கள் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் நிறைய வீடுகளில் என்ன நடக்கிறது? "அந்த பாக்ஸ்தான் தொல்லை பண்ணுது, அதை பைபாஸ் பண்ணிடுங்க" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கெய்சர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்க. நின்றால் கோளாறு கெய்சரில்தான். எலிமெண்டை மாற்றும் வரை அதைத் தொடக் கூடாது. எம்சிபி மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஆளைக் கொல்லப் போதுமான சின்னக் கசிவு அதன் கண்ணில் படாது.

சொட்டும் வால்வை அடைக்கலாமா?

கூடவே கூடாது. 15 லிட்டர் தண்ணீர் 25இலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது கால் லிட்டர் அளவுக்கு விரியும், அதாவது ஒரு டம்ளர். தண்ணீர் வந்த வழியே திரும்பாதபடி உள்ளே தடுப்பு இருப்பதால், அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது ரிப்பேரே இல்லை. ஒரு சின்ன டியூப் மாட்டி தரைக்கு விட்டால் போதும். கெய்சர் ஆஃப்பில் இருக்கும்போதும் விடாமல் சொட்டினால் வால்வில் படிவு சிக்கியிருக்கலாம், அல்லது பிரஷர் பம்ப் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வால்வை மாற்றுங்க. எம்-சீல் வைத்து அடைத்தால், என்றாவது தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் வேலை செய்யாத நாளில் டேங்க் வெடிக்கும்.

குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால்

பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து சுடுதண்ணீர் மட்டும் நூலாக வந்தால், கெய்சரின் வெளிவழியிலோ மிக்சரிலோ அடைப்பு. ரெண்டுமே மெதுவாக என்றால் லைனில் காற்று அடைத்திருக்கலாம். மாநகராட்சித் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் ஊரில் மேல்தொட்டி காலியாவது சகஜம். திரும்ப நிரப்பும்போது குழாய்க்குள் காற்று சிக்கும். தாழ்வாக இருக்கும் குழாயைக் கொஞ்ச நேரம் முழுசாகத் திறந்து விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொட்டி காலியாகியிருந்தால், சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே கெய்சர் சுவிட்ச். காய்ந்த டேங்கில் எலிமெண்ட் சில நிமிடங்களிலேயே எரிந்துபோகலாம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

ஆற்றுத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி இருக்கும் வீடுகள் திருப்பூரில் நிறைய. கெய்சர் லைனை மட்டும் ஆற்றுத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றச் சொல்லுங்க. பிளம்பருக்கு அது சின்ன வேலை, பலன் பெரிது. அதற்கு வழியில்லை என்றால் வீட்டு சாஃப்ட்னர். தெர்மோஸ்டாட்டை 75இல் வைக்காமல் 60க்குப் பக்கத்தில் வைத்தாலே படிவு குறையும். வருஷத்துக்கு ஒருமுறை டேங்கைக் கழுவி, எலிமெண்டையும் மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்க. கடினமான போர் தண்ணீர் என்றால் ஆறு மாதம். பாத்ரூம் ஆசிட்டை உள்ளே ஊற்றிக் கழுவ விடாதீங்க, டேங்கின் உள்பூச்சு போய்விடும்.

சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: தொட்டி காலியாகி கண்ணாடி டியூப் வெயிலில் காய்ந்து கிடந்தால், உச்சி வெயிலில் தண்ணீர் விடாதீங்க, வெடித்துவிடும். சாயங்காலம் ஆறிய பிறகு நிரப்புங்க.

லைன் வீடுகளில் ஹீட்டர் ராடு

கெய்சர் இல்லாத வாடகை வீடுகளில் பக்கெட்டும் ராடும்தான். ராடில் வெள்ளைப் படிவு தடித்தாலோ, மேல்தோலில் வெடிப்பு தெரிந்தாலோ அதைக் கழித்துவிடுங்க. இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ராடைத் தண்ணீரில் வைத்த பிறகே சுவிட்ச். சூடு பார்க்க விரலை விடும் முன் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கையும் கழற்றிவிடுங்க.

வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு: ஒரு லைனில் பத்து வீடு இருந்தால் பத்துக்கும் தனித்தனி ஆர்சிசிபி வேண்டும். மொத்தத்துக்கும் ஒன்று போட்டால், ஒரு ராடு கசிந்ததும் பத்து வீடும் இருட்டாகும், இரண்டாவது வாரம் யாராவது அதைக் கழற்றிப்போட்டுவிடுவார்கள்.