பொருளுள்ள வாழ்வு

'பொருள்' என்னும் தமிழ்ச்சொல் செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். என்றும் உள்ளதாகிய மெய்ப்பொருளையும் குறிக்கும். ஒரு சொல்லே மூன்றுக்கும் நிற்பதனாற் போலும், முதலாவதைத் தேடப் புறப்பட்டவர் மற்றை இரண்டையும் மறந்துபோதல் எளிதாக நிகழ்கின்றது. "நாம் எதற்காக வாழ்கின்றோம்?" என்னும் வினா பரீட்சையில் தவறிய இளைஞன் உள்ளத்திலும் எழுகின்றது, பிள்ளைகளையெல்லாம் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் திண்ணையில் தனித்திருக்கும் முதியவர் உள்ளத்திலும் எழுகின்றது. இதற்கு நம் சமய நூல்கள் கூறும் விடை யாது, அவ்விடையை நம் நாட்டுப் பெரியோர் எவ்வாறு வாழ்ந்து காட்டினர் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கடோபநிடதம் இவ்வினாவை ஒரு சிறுவன் வாயில் வைக்கின்றது. நசிகேதன் என்பான் யமனுடைய இல்லத்தில் மூன்று இரவு உண்ணாது காத்திருந்து, அதற்கீடாக மூன்று வரம் பெறுகின்றான். இறந்தபின் மனிதன் உளனோ இலனோ என்பதை அறிவித்தல் வேண்டும் என்பது அவன் கேட்ட மூன்றாம் வரம். யமன் யானை, குதிரை, பொன், நீண்ட ஆயுள் முதலியவற்றைத் தருவதாகச் சொல்லி அவனைத் திருப்ப முயல்கின்றான். சிறுவனோ அசையவில்லை. அதன்பின்னரே யமன், மனிதன் முன்னே 'பிரேயஸ்', 'சிரேயஸ்' என இரண்டு வந்து நிற்கின்றன என்று உபதேசிக்கின்றான். முன்னையது இனியது; பின்னையது நல்லது. இரண்டையும் பகுத்தறிந்து நல்லதைத் தெரிபவனே அறிஞன் என்பது அவ்வுபதேசத்தின் சாரம்.

நல்லது எது என்பதில் நம் தத்துவ ஞானிகள் ஒருமுகப்பட்டவர் அல்லர். சங்கரர் வழிவந்த வேதாந்திகள், ஆன்மாவும் பிரமமும் இரண்டல்ல என்றும், அவித்தை நீங்கி அவ்வுண்மையை உணர்தலே வாழ்வின் முடிவு என்றும் கூறுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தைப் போற்றும் சைவ சித்தாந்திகளோ, பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பர். உடலும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர் ஈடேறும்பொருட்டு இறைவன் கூட்டிய சாதனங்கள் என்பது அவர் துணிபு. விடியும்வரை விளக்கு உதவுமாறுபோல, மலம் நீங்கும்வரை இவை உயிருக்கு உதவுகின்றன. இக்கொள்கைப்படி எவருடைய பிறவியும் வீணானதன்று. ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஒரு தருணம்.

கொள்கை அளவில் இவ்விரு சாராரும் நெடுங்காலம் வாதிட்டனர். எனினும் நம் ஈழநாட்டுச் சரித்திரத்தில் இரு பெரியோர், ஒருவர் சித்தாந்த வழியிலும் மற்றவர் வேதாந்த வழியிலும் நடந்து, ஒரே வாசலை வந்தடைந்தனர். அவ்வாசல் பாடசாலையின் வாசலாகும்.

முதல்வர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். 1822ஆம் ஆண்டிற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைசெய்தவர். அவ்வேலையும் அதன் வேதனமும் இனியன. ஆயினும் 1848ஆம் ஆண்டில் அதனைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். இல்லறம் புகாது, நூல்களை அச்சிட்டும் பிரசங்கித்தும் ஆயுளைச் செலவிட்டார். 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். திருத்தொண்டும் ஞானமும் அவரிடத்திற் பிரிந்து நிற்கவில்லை.

மற்றவர் சுவாமி விபுலானந்தர். மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892ஆம் ஆண்டு மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்தார். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபருமானார். அக்காலத்தில் ஓர் இளைஞன் அடையக்கூடிய மதிப்பெல்லாம் முப்பது வயதுக்குள் அவரை அடைந்துவிட்டது. நம்மிற் பலர் அவ்விடத்தில் நின்றிருப்போம்.

1922ஆம் ஆண்டில் அவர் அதிபர் பதவியை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். அம்மடத்தின் வித்து நம் நாட்டிலும் முன்னரே விழுந்திருந்தது. 1897ஆம் ஆண்டு சனவரி மாதம் 15ஆந் திகதி கொழும்பிற் கரையிறங்கிய சுவாமி விவேகானந்தர், யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசினார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் தோற்றுவித்த இராமகிருஷ்ண சங்கம், தன் ஆன்ம விடுதலையையும் உலக நன்மையையும் இணைத்தே இலட்சியமாக வைத்தது. எல்லா உயிரிலும் உள்ளது ஒன்றே ஆயின், ஏழைப்பிள்ளைக்கு எழுத்தறிவித்தலும் வழிபாடேயாம் என்பது அதன் கருத்து.

1924ஆம் ஆண்டிற் சந்நியாசம் பெற்று விபுலானந்தராக மீண்டவர், குகை தேடிப் போகவில்லை, மட்டக்களப்புக்கு வந்தார். 1929ஆம் ஆண்டில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பணிபுரிந்தார். இவற்றிற்கிடையே, வழக்கொழிந்த பழந்தமிழ் யாழைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்புதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. யூலை மாதம் 19ஆந் திகதி அவர் மறைந்தார். இடைப்பட்டவை ஏறக்குறைய ஆறு கிழமைகளே. பயனை நுகர்வதிலேதான் வாழ்வின் பொருள் இருக்குமாயின் அவர் பெற்றது மிகச் சிறிது. செய்த செயலிலேயே அஃது இருக்குமாயின் அவர் பெற்றதற்கு அளவில்லை.

"எல்லாரும் துறவியாகிவிட்டால் குடும்பத்தை யார் தாங்குவது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அறம், பொருள், இன்பம், வீடு நான்கையும் உறுதிப்பொருள் என வைத்த நம் முன்னோர் உழைப்பையும் இல்லறத்தையும் இகழ்ந்தாரல்லர். அறம் முன்னே நடக்கவேண்டும் என்பதே அவர் வைத்த ஒழுங்கு. மாலையில் ஒரு மணிநேரம் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் எழுதுவினைஞரும் அவ்வொழுங்கில் நிற்பவரே.

இவ்வினா நமக்கு ஏட்டு வினா அன்று. போர் 2009ஆம் ஆண்டில் முடியும்வரை நம்மவர் இழந்தவை பல. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி எழுந்த கடல், விபுலானந்தர் பிறந்த காரைதீவையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத் தத்துவம் பேசி ஆறுதல் கூறல் அரிது. அவள் அருகில் இருத்தலும், எஞ்சிய பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலும் நம்மால் இயலும். அவ்வளவிலாவது அவளுக்கு நாளை என்று ஒன்று உண்டாகும். நமக்கும் இன்றைக்கு ஒரு பொருள் உண்டாகும்.

இறுதியாக, நசிகேதனின் முதல் வரத்தை நினைவோம். மரணத்தின் மறையைக் கேட்பதற்கு முன், தன் தந்தை சினம் ஆறி, மனம் அமைந்து, தன்னை அன்போடு ஏற்கவேண்டும் என்றே அவன் கேட்டான். பேருண்மையைத் தேடப் புறப்பட்டவனுக்கும் வீட்டின் அமைதியே முதற்கவலையாயிற்று. இளைஞர் கேட்கட்டும், முதியோர் சினவாது செவிசாய்க்கட்டும். இருவரும் கூடித் தொண்டு செய்யும் இடமாக நம் சங்கம் விளங்க எல்லாம்வல்ல இறைவன் திருவருள் முன்னிற்பதாக.