உரிமையியல் வழக்குத் தள்ளுபடி (வராமையாலும் உத்தரவை நிறைவேற்றாமையாலும்)

வாதி வாய்தாவுக்கு வராவிட்டாலோ, நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றாவிட்டாலோ, வழக்கின் உண்மைக்குள் போகாமலேயே அதை முடித்துவிடுவது இவ்வகைத் தள்ளுபடி. குமாஸ்தாக்கள் பேச்சில் இது ‘டீஃபால்ட்டில் போன கேஸ்’. நிலம் யாருக்கு என்பது போன்ற கேள்விக்கு இதில் விடை இருக்காது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இத்தகைய உத்தரவைத் தீர்ப்பாணை என்றே கணக்கில் கொள்வதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானலில் உரிமையியல் நீதிமன்றமும் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும் ஒன்றாக இயங்குகின்றன. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலைக்கிராமங்களிலிருந்து வாய்தாவுக்கு வருபவர் வளைந்து செல்லும் மலைப்பாதையில் பஸ்ஸை நம்பி வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்தோ மண் சரிந்தோ பாதை அடைபட்டால், காலையில் பெயர் கூப்பிடும்போது அவர் வழியிலேயே நின்றிருப்பார். வக்கீலும் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடலாம்.

எந்த விதியின் கீழ் தள்ளுபடியானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பின்விளைவு முழுக்க அதைப் பொறுத்தது. சம்மன் அனுப்ப வாதி பேட்டா கட்டாததால் பிரதிவாதிக்குச் சம்மன் சேராமல் போனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளையின் 2-ஆம் விதி. இரு தரப்பும் வராவிட்டால் 3-ஆம் விதி. இவ்விரண்டிலும் காலவரம்பு மீதமிருந்தால் புது வழக்குப் போடலாம். பிரதிவாதி வந்து, வாதி மட்டும் வராவிட்டால் 8-ஆம் விதி. அப்போது, பிரதிவாதி கோரிக்கையை ஒப்புக்கொண்ட அளவு தவிர, வழக்கு தள்ளுபடியாகும். அதே வழக்கு மூலத்தில் புது வழக்குப் போட முடியாது.

ஆவணங்களைக் காட்டும்படியோ எழுத்து வினாக்களுக்குப் பதில் தரும்படியோ இட்ட உத்தரவை வாதி மீறினால் 11-ஆம் கட்டளையின் 21-ஆம் விதி பாயும். இதிலும் புது வழக்குக்குத் தடை உண்டு. இது கடைசி ஆயுதம். வேண்டுமென்றே மீறியவர்மீது மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான வரம்புதான்: பட்டா நகலுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைபவரையும், கையில் இருக்கும் பத்திரத்தை ஒளிப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும் (1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 122-ஆம் இனம்). கடைசி நாள் மே மாத விடுமுறையில் விழுந்தால், நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அதையும் தாண்டினால் அதே காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கோர வேண்டும்.

வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல், வக்கீல் வராததால் நேர்ந்த தள்ளுபடியை அப்படியே ஏற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1981-இல் வேறு வழி சென்று, வராத வக்கீலிடமே செலவுத்தொகையை வசூலிக்கச் சொன்னது. மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வழியாக மேலே போன ஒரு தமிழ்நாட்டு வழக்கிலும் இதே கேள்வி எழுந்தது. எக்ஸ்பார்ட்டி (ஒருதரப்பு) தீர்ப்பை நீக்கக் கோரி பிரதிவாதி போட்ட மனு, வராமையால் தள்ளுபடியாயிற்று. அவர் மீண்டும் வந்தபோது 883 நாள் தாமதம். வக்கீல்மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவும் வாங்கியிருந்தார். 1998-இல் நீதிபதி கே.டி. தாமஸ், நாட்களின் எண்ணிக்கையைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று எழுதி, எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் செலவுத்தொகை தரும் நிபந்தனையுடன் தாமதத்தை மன்னித்தார்.

8-ஆம் விதித் தள்ளுபடியை நீக்கும் மனுவுக்கு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் 43-ஆம் கட்டளையின் கீழ் மேல்முறையீடு செய்யலாம்.