விரியும் அம்புமுனை

விரியும் அம்புமுனை என்பது வில்வேட்டையில் பயன்படும் ஒருவகை உலோக முனை. அம்பு பறக்கும்போது அதன் கூர்த்தகடுகள் முனையின் உடலோடு மடிந்திருக்கும். விலங்கின் மேல் பட்டவுடன் விரிந்து அகலமாக வெட்டும். அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டையில் 1990-களுக்குப் பின் இது பெருமளவில் பரவியது. தகடு அசையாத நிலைமுனை நல்லதா, விரியும் முனை நல்லதா என்ற விவாதம் அங்குள்ள வில்வேட்டைக்காரர்களிடையே இன்னும் ஓயவில்லை. அடிபட்ட மான் சில நொடிகளில் விழுந்து கைக்குக் கிடைக்குமா, காயத்தோடு ஓடி மறைந்து எங்கோ சாகுமா என்பதே அந்த விவாதத்தின் மையம்.

அம்பு கொல்லும் முறை

துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தால் சதையைச் சிதைக்கிறது. அம்புக்கு அந்த ஆற்றல் கிடையாது. அது வெட்டுகிறது, குருதி வெளியேறுவதால் விலங்கு இறக்கிறது. நுரையீரலையோ இதயத்தையோ கூரிய முனை கடந்து சென்றால் மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். அம்பு மறுபக்கம் வெளியேறினால் இரண்டு துளைகள் உண்டாகும். தரையில் விழும் குருதித் தடத்தைத் தொடர்ந்து செல்வது எளிதாகும். ஆகவே முனையிடம் இரண்டு குணங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன: அகலமாக வெட்டவேண்டும், ஆழமாகவும் ஊடுருவவேண்டும். அம்பின் ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது என்பதால் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். அம்புமுனையின் வரலாறு முழுவதும் இந்தப் பேரத்தின் வரலாறுதான்.

கண்ணாடியிலிருந்து எஃகுக்கு

அமெரிக்காவில் வில்வேட்டை நவீன காலத்தில் மீண்டும் உயிர்பெற்றதற்கு யாகி பழங்குடியின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷி ஒரு முக்கியக் காரணம். தன் மக்கள் கொன்றழிக்கப்பட்ட பின் 1911-இல் கலிஃபோர்னியாவின் ஒரோவில் நகரில் வெளிப்பட்ட அவர், 1916-இல் காசநோயால் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். எரிமலைக் கண்ணாடியிலும் உடைந்த புட்டிக் கண்ணாடியிலும் அம்புமுனைகளைச் செதுக்கினார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடம் வில்வித்தை கற்று, 1923-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். போப் செய்த சோதனை ஒன்றில் எரிமலைக் கண்ணாடி முனை எஃகு முனையைவிட ஆழமாகப் பாய்ந்தது. கூர்மைக்கு ஈடு வேறில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1934-இல் விஸ்கான்சின் மாநிலம் மான் வேட்டைக்கெனத் தனி வில் பருவத்தை அறிவித்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கட்டற்ற வேட்டையால் அருகிப்போயிருந்த வெண்வால் மான்கள் சட்டப் பாதுகாப்பினால் மீண்டும் பெருகிவந்த காலம் அது. மிச்சிகனைச் சேர்ந்த ஃபிரெட் பேர் 1950-களில் வெளியிட்ட ரேசர்ஹெட் முனை, இரு தகடுகளோடு செருகிக்கொள்ளும் சவரத்தகடும் கொண்டது. மரவில்லின் மெதுவான அம்புக்கு அது போதுமானதாக இருந்தது.

வேகம் தந்த சிக்கல்

நிலைமை மாறியது வில்லால்தான். மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் அம்பின் வேகம் நொடிக்கு 90 மீட்டரை எட்டியது. அந்த வேகத்தில் நிலைமுனையின் அகன்ற தகடுகள் சிறு இறக்கைகளைப் போல் காற்றைப் பிடித்தன. அம்பின் பின்னிறகு ஒரு திசையில் இழுக்க, முன்தகடு வேறு திசையில் இழுத்தது. வில்லின் அமைப்பில் சிறு பிசகு இருந்தாலும் பயிற்சி முனையில் குறி தவறாத அம்பு வேட்டைமுனையில் விலகிப்போனது. மானின் நெஞ்சில் பதியவேண்டிய அம்பு குடலில் பதிவது வேட்டைக்காரர் மிகவும் அஞ்சும் விளைவு. அந்த மான் பல மணி நேரம் துன்புற்றே சாகும்.

தகடுகளை மடித்து வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் குறையும் என்பதே விரியும் முனையின் அடிப்படை. ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் வளையமோ உராய்வோ தகடுகளைப் பிடித்து வைக்கும். சிலவற்றில் தகட்டின் நுனி முன்பக்கம் இருக்கும். தோலில் பட்டதும் குடைபோல் பின்னோக்கிச் சாயும். சிலவற்றில் தகடுகள் பின்னோக்கி நழுவி அகலும். 2000-களில் புகழ்பெற்ற ரேஜ் முனைகள் இரண்டாவது வகை. அவற்றின் வெட்டு அகலம் சுமார் 5 சென்டிமீட்டர். நிலைமுனைகளில் 3 சென்டிமீட்டர் அளவே பொதுவானது.

எதிர்ப்பும் எண்ணிக்கையும்

அசையும் உறுப்பு எதுவும் பழுதாகும் என்றனர் எதிர்ப்பாளர்கள். தகடு விரியாமல் போகலாம், எலும்பில் பட்டு உடையலாம், சாய்வாகப் பட்டால் அம்பு வழுக்கலாம், விரிவதற்கே ஆற்றல் செலவாகி ஊடுருவல் குறையலாம். ஆரம்பகால முனைகளில் இவை வெறும் அச்சங்களாக இல்லை. ஓரிகன், ஐடஹோ போன்ற மேற்கு மாநிலங்கள் அசையும் தகடுள்ள முனைகளை நெடுங்காலம் தடை செய்திருந்தன.

மேரிலாந்தின் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில் 1989 முதல் திரட்டப்பட்ட பதிவுகள் இந்த விவாதத்துக்கு எண்களைத் தந்தன. அங்கு வேட்டையாட வில் தேர்வில் தேறவேண்டும்; அடித்த ஒவ்வொரு மானையும், கிடைக்காததையும் சேர்த்து, அறிவிக்கவேண்டும். நிலைமுனையால் அடிபட்டவற்றில் சுமார் 82 விழுக்காடு மான்கள் கிடைத்தன. விரியும் முனையில் சுமார் 91 விழுக்காடு. விரியும் முனைக்கான பதிவுகள் எண்ணிக்கையில் குறைவு, வேட்டைக்காரர்களும் தேர்ச்சி பெற்றவர்கள் என்பதால் இந்த வேறுபாட்டை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆயினும் பழுதாகும் பொறி என்ற வசைக்கு அது வலுவான மறுப்பு. தேர்ச்சி பெற்றவர்களின் நிலைமுனையிலும் நூற்றுக்குப் பதினெட்டு மான்கள் தொலைந்தன என்பதும் அதே பதிவில்தான் இருக்கிறது.

தேர்வு

முனையைத் தனியாக எடைபோட முடியாது. வில்லோடு சேர்த்தே பார்க்கவேண்டும். இழுவிசை மிகுந்த காம்பவுண்ட் வில்லும் மானின் பக்கவாட்டு நிலையும் வாய்த்தால் அகன்ற விரியும் முனை பொருந்தும். இழுவிசை குறைந்த வில்லுக்கும், மரவில்லுக்கும், பருத்த எலும்புள்ள எல்க், மூஸ் போன்ற பெரிய மான்களுக்கும் பலர் நிலைமுனையையே விரும்புகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே, வெட்டு அகலத்தைச் சுமார் 4 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளும் விரியும் முனைகளும் உண்டு. எடையில் 100 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 கிராம், மிகவும் வழக்கமானது. விரியும் முனையின் தகடுகளை ஒரு மானுக்குப் பிறகு மாற்றிவிடுவர்; பிடிப்பு வளையங்களையும் அவ்வாறே.